காரைக்குடிக் காற்றுக்கு எத்தனை பல்?

தங்கச்சி மகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. பாதி நாள் காரைக்குடி வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆனதும், ரோடு பைக் வாங்கியே தீருவது என்று கிளம்பிவிட்டான். மூன்று வண்டிகளின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான். "அம்மான், மூணுலயும் ஃபிரேம் ஒண்ணுபோலத்தான் தெரியுது. ஒண்ணுல கிளாரிஸ், ஒண்ணுல சோரா, ஒண்ணுல நூத்தஞ்சுன்னு போட்டிருக்கு. அதுக்கா இவ்வளவு விலை வித்தியாசம்? நீங்க எதை எடுக்கச் சொல்றீக?"

பதில் அடிக்க ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஹேண்டில்பாரில் இருக்கும் லிவர், முன்னும் பின்னும் செயினைத் தள்ளிவிடும் டீரெய்லர், கிராங்க், பின்சக்கரத்துப் பல் அடுக்கான கேசட், செயின், பிரேக் இத்தனையும் சேர்ந்ததுதான் குரூப்செட். ஃபிரேம் செய்பவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். இதைச் செய்வதில் பெரிய கைகள் மூன்றே. ஒசாகா பக்கத்து சாகாய் ஊரில் 1921இல் பிரீவீல் செய்து தொடங்கிய ஷிமானோ, 1933இல் இத்தாலியின் விசென்சாவில் பிறந்த கம்பக்னோலோ, 1987இல் சிகாகோவில் தொடங்கிய ஸ்ராம். நம்ம ஊர்க்காரன் வாங்கும் விலையில் வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஷிமானோதான். அதனால் அதையே வைத்துப் பேசுகிறேன். அந்தக் கம்பெனி வெளிநாட்டில் முதல் தொழிற்சாலை போட்டது 1973இல் சிங்கப்பூரில். பிறகு மலேசியாவிலும் போட்டார்கள். நம்ம ஆட்கள் கொண்டுவிக்கப் போன அதே சீமை.

ஷிமானோவின் ரோடு வரிசையில் கீழே டூர்னி, ஏழு கியர். அப்புறம் கிளாரிஸ் எட்டு, சோரா ஒன்பது, டியாக்ரா பத்து. 105 பதினொன்றாக இருந்து இப்போது பன்னிரண்டு. அதற்கும் மேலே அல்டெக்ரா, டூரா ஏஸ். அந்த இரண்டும் இப்போது புதிதாக வருவது மின்சாரக் கியரில்தான், நமக்கு அந்தப் பேச்சே வேண்டாம். படி ஏற ஏற எடை குறையும், கியர் கூடும், லிவர் தொடுவதற்கு மெத்தென்று இருக்கும். டியாக்ராவிலிருந்து ஆயில் டிஸ்க் பிரேக் கிடைக்கும். நூத்தஞ்சு போட்ட வண்டி லட்சத்தைத் தாண்டும்.

கீழ்ப்படியில் இருப்பதாலேயே கிளாரிஸை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. பிரேக்கும் கியரும் ஒரே லிவரில் இருப்பது 1990இல் டூரா ஏஸில் வந்தபோது அது பந்தயக்காரர்களின் சொத்து. இன்றைக்கு கிளாரிஸிலும் அதுதான். 2017இல் வந்த ஆர்2000 கிளாரிஸில் கேபிள்கூட மேல்படி வண்டிகளைப் போலவே ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் ஒளிந்துகொண்டுதான் போகிறது. டூர்னியை மட்டும் நான் சொல்லமாட்டேன். அந்த விலை வண்டிகளில் பின்சக்கரத்தில் மரை போட்டு முடுக்கும் பிரீவீல்தான் அநேகமாக இருக்கும். ஆக்சிலுக்கு வலப்பக்கம் தாங்கல் உள்ளே தள்ளிப் போய்விடும், கனத்த ஆள் குண்டு குழியில் ஓட்டினால் வளையும். பிற்பாடு மேல்படிக்கு ஏற நினைத்தால் சக்கரத்தையே மாற்ற வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யூடியூபில் குரூப்செட் ஒப்பிடுகிறவர்கள் எல்லாரும் மலைநாட்டில் இருக்கிறார்கள். ஆல்ப்ஸில் ஏறுவதற்கு எது நல்லது என்று சொல்வார்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகத் திருப்பத்தூர் போகிறவனுக்கு ஏறுவதற்கு ஏதாவது இருக்கிறதா? ஒரு மேம்பாலம். கண்மாய்க் கரையில் ஒரு மேடு. நம்ம ஊரில் மலைக்குப் பதில் காற்று இருக்கிறது. ஆனி பிறந்தால் தென்மேற்கிலிருந்து எழும்பும். ஆடியில் மேற்கே பார்த்து மிதித்தால் பொட்டலும் கண்மாயுமாகக் கிடக்கிற வெளியில் மறைப்புக்கு ஒரு தோப்புகூடக் கிடையாது. மலையில் ஏறினால் இறக்கமாவது வரும். காற்றில் அந்த ஆறுதலும் கிடையாது, திருப்பத்தூர் வரைக்கும் ஒரே அழுத்தல்தான்.

காற்றுக்கு வேண்டிய கியர் மலைக்கு வேண்டிய கியர் அல்ல. மலைக்குக் கேசட்டின் கடைசியில் பெரிய பல்சக்கரம் வேண்டும். காற்றுக்கு நடுவில் நெருக்கமான பற்கள் வேண்டும். நிமிடத்துக்கு 85 சுற்று மிதிக்கிற கால், காற்று கொஞ்சம் கூடினாலும் அதே 85இல் இருக்கப் பார்க்கும். ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி அதிகமானால் ஒன்று கனமாக இருக்கும், மற்றது லேசாகிக் கால் சும்மா சுழலும். இரண்டுக்கும் நடுவில் கிடந்து தவிப்போம்.

கணக்கைப் பார்ப்போம். முன்னால் 50 பல், 85 சுற்று, சாதாரண 700சி டயர். பின்னால் 15 பல்லில் மணிக்கு சுமார் 35.7 கிலோமீட்டர். 17இல் 31.5. 19இல் 28.2. 21இல் 25.5. நம்மைப் போன்ற ஆட்களின் சமதளச் சவாரி முழுக்க இந்த நாலு பல்லுக்குள்தான். இறக்கத்துக்கென்று இருக்கிற 11 பல்லில் அதே 85 சுற்று மிதித்தால் 48க்கு மேல் போகும். அந்த வேகத்தில் காரைக்குடியில் போகிறது ராமேஸ்வரம் பஸ்தான்.

இப்போது வண்டிகளை எடுத்துக்கொள். கிளாரிஸ் கேசட் 11-28 என்றால் பற்கள் 11, 13, 15, 17, 19, 21, 24, 28. பன்னிரண்டு கியர் நூத்தஞ்சில் 11-34 கேசட் என்றால் 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 24, 27, 30, 34. நடுவில் பார். 15, 17, 19, 21. இரண்டிலும் அச்சு அசலாக அதேதான்! கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய நாலு பல்லும் ஒன்று மேலே இறக்கத்துக்குப் போய்விட்டது, இல்லையென்றால் கீழே மலைக்குப் போய்விட்டது. பிள்ளையார்பட்டி ரோட்டில் ஆடிக் காற்றில் எட்டு கியர்க்காரனும் பன்னிரண்டு கியர்க்காரனும் ஒரே பல்லில்தான் மிதித்துக்கொண்டிருப்பார்கள்.

அதே கிளாரிஸில் 11-32 கேசட் இருந்தால் கதை வேறு. 11, 13, 15, 18, 21, 24, 28, 32. பதினேழும் இல்லை, பத்தொன்பதும் இல்லை. 15இலிருந்து 18க்கு விழும்போது 35.7இலிருந்து 29.7க்கு வந்துவிடும். மணிக்கு ஆறு கிலோமீட்டர் பள்ளம். புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு லேசான கியர் இருக்கட்டும் என்று இந்த 32ஐத்தான் பல வண்டிகளில் போட்டு அனுப்புகிறார்கள். கொடைக்கானல்காரனுக்கு நல்லது. நமக்குத் தொந்தரவு. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தக் குரூப்செட்?" என்பது இல்லை, "கேசட்டுல என்னென்ன பல்லு?" என்பதுதான். தெரியாது என்று சொன்னால் குனிந்து எண்ணிப் பார். ஒவ்வொரு சக்கரத்திலும் எண் குத்தியிருக்கும்.

சரி, மலைக்கே போகமாட்டோமா? போவோம். திண்டுக்கல் பக்கம் சிறுமலையில் 18 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. சைக்கிள் கூட்டத்தோடு ரெண்டு மாசம் சுற்றினால் யாராவது ஒருத்தன் கொல்லிமலை என்று ஆரம்பிப்பான். முன்னால் 34, பின்னால் 28 இருந்தால் நிமிடத்துக்கு 60 சுற்றில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டர். 32 இருந்தால் எட்டு. ஒன்பதில் ஏற முடியாதவனுக்கு எட்டில் மூச்சு கொஞ்சம் மிச்சமாகும். இங்கேதான் சோராவின் ஒன்பது கியருக்கு மரியாதை. அதன் 11-32 கேசட் 11, 12, 14, 16, 18, 21, 24, 28, 32 என்று போகும். நடுவில் 14, 16, 18 என்று ரெண்டு ரெண்டாக வருகிறது, கடைசியில் மலைக்கு 32ம் இருக்கிறது. கிளாரிஸுக்கும் சோராவுக்கும் எடையில் வித்தியாசம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. வித்தியாசம் இந்த ஒரு பல்லில் இருக்கிறது.

காற்று போக நம்ம ஊரில் இன்னொன்று, செம்மண். கானாடுகாத்தான் போகிற வழியில் ரோட்டோரம் ஒதுங்கினால் போதும், செயினில் எண்ணெய் இருக்கிற இடமெல்லாம் செம்புழுதி அப்பிக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெயோ வண்டி ஆயிலோ ஊற்றி வைத்தால் அது புழுதியோடு குழைந்து அரைக்கிற பசையாகிவிடும். வெளியே துடைத்தால் பளிச்சென்று இருக்கும், உள்ளே பின்னும் உருளையும் தேய்ந்துகொண்டிருக்கும். உலர்ந்த வகை செயின் லூப் வாங்கு. ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பிறகு துணியால் நன்றாகத் துடை. அடை மழை மாதங்களில் மட்டும் ஈர வகை.

தேய்மானம் பார்க்கக் கருவி வேண்டியதில்லை, பிள்ளைகள் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிற மாதிரி அங்குலக் கோடு போட்ட ஸ்டீல் அடிக்கோல் போதும். சைக்கிள் செயினில் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் அரை அங்குலம். ஐயா ஓட்டிய ஹெர்குலிஸிலும் அதுதான், டூரா ஏஸிலும் அதுதான். ஆக 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றிவிடு. எட்டில் ஒரு பங்கு வரை விட்டால் கேசட்டும் போய்விட்டது என்று அர்த்தம். நீளம் எல்லாச் செயினுக்கும் ஒன்று, அகலம்தான் வேறு. எட்டு கியர் செயின் ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர், பன்னிரண்டு கியருக்கு ஐந்தேகால் பக்கம். பன்னிரண்டு கியர் செயினின் விலை மட்டும் மெலிவதில்லை, எட்டு கியர் செயினைப்போல் ரெண்டு மூன்று மடங்கு ஆகும். மேல்படிக் குரூப்செட்டில் வாங்கும்போது ஒரு விலை என்றால், செம்மண்ணில் ஓட்ட ஓட்ட அதுக்கு வட்டியும் கட்ட வேண்டியிருக்கும்.

தொண்டிப் பக்கம் கடற்கரைச் சாலையில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் போட்டுவிடு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, நேரு 1948இல் அடிக்கல் நாட்டிய நம்ம சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) துருவைப் பற்றி ஆராய்வது ஒரு முக்கிய வேலை. அதற்கென்று மண்டபத்தில் கடலோரமாக ஒரு நிலையமே வைத்திருக்கிறார்கள். இந்தக் கடற்கரை இரும்பை என்ன பாடு படுத்தும் என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம்.

செயின் என்றதும் பள்ளத்தூரைச் சொல்லாமல் போக முடியாது. இங்கிருந்து வடக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், காலைச் சவாரிக்கு நீ அந்த வழியாகத்தான் போவாய். முருகப்பா குடும்பத்தின் சொந்த ஊர். 1900 வாக்கில் பர்மாவில் வட்டிக்கடையில் தொடங்கியவர்கள், 1949இல் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸோடு சேர்ந்து சென்னைக்கு வெளியே அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, பிலிப்ஸ் எல்லாம் அங்கே செய்ததுதான். 1960இல் அமெரிக்காவின் டைமண்ட் செயின் கம்பெனியோடு சேர்ந்து செயின் தயாரிப்பும். ரைட் சகோதரர்களின் விமானத்தில் இன்ஜினிலிருந்து விசிறிக்கு ஓடியது அந்த அமெரிக்கக் கம்பெனியின் செயின்தான் (அவர்களே சைக்கிள் கடைக்காரர்கள்தானே).

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இனிமேல்தான். 1980களில் ரோடு பைக்காரர்கள் தேடி வாங்கிய செயின் பிரான்சின் செடிஸ் கம்பெனி செய்த செடிஸ்போர்ட். பழைய செயினில் உள்தகட்டுக்கு நடுவே தனியாக ஒரு குழாய்த்துண்டு இருக்கும். செடிஸ் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, தகட்டின் விளிம்பையே உள்ளே மடித்து அந்த வேலையைச் செய்யவைத்தது. செயின் பக்கவாட்டில் நன்றாக வளைந்துகொடுத்தது, கியர் சட்டென்று மாறியது. இன்றைக்கு கிளாரிஸ் முதல் டூரா ஏஸ் வரை எந்த டீரெய்லர் செயினை எடுத்தாலும் அந்த முறைதான். செடிஸின் சைக்கிள் செயின் பிரிவு ஜெர்மனியின் சாக்ஸிடம் போய், 1997இல் சாக்ஸின் சைக்கிள் தொழிலை ஸ்ராம் வாங்கியதால் ஸ்ராமிடம் சேர்ந்தது. மிச்சம் இருந்த செடிஸை, ஆலைகளுக்கான செயின் செய்கிற கம்பெனியாக, 2010இல் வாங்கியது யார் தெரியுமா? நம்ம டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் ஆஃப் இந்தியா.

அப்படி இருந்தும் ரோடு பைக் குரூப்செட் ஒன்று அம்பத்தூரிலிருந்து வரவில்லை. மான்ட்ரா என்ற பெயரில் டிஐ நல்ல ரோடு பைக்குகளைக் கொண்டுவந்தது, அதிலும் கியர் ஷிமானோதான். இப்போது மான்ட்ரா என்று கேட்டால் மின்சார ஆட்டோவைக் காட்டுகிறார்கள். ஃபிரேமும் செயினும் செய்யத் தெரிந்தவர்கள் கியர் லிவர் பக்கம் ஏன் போகவில்லை என்பது எனக்கு ஒரு குறைதான். சந்தை சின்னது என்று அவர்கள் கணக்குப் போட்டிருக்கலாம். கணக்கில் அவர்களுக்கு நான் பாடம் சொல்ல முடியாது.

அடுத்தது, யார் பழுது பார்ப்பது. நம்ம ஊர்ச் சைக்கிள் கடைகளில் கோட்டம் எடுப்பதில் கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். பெருநகரத்து ஷோரூமில் ஸ்டாண்டில் மாட்டி மீட்டர் வைத்துப் பார்ப்பதை இவர்கள் கட்டைவிரல் நகத்தை ரிம்மில் வைத்துப் பார்ப்பார்கள். பால்ரஸ் மாற்ற, ஓவராயில் பண்ண, பிரேக் கேபிள் போட எந்தக் கவலையும் இல்லை. கேபிளில் ஓடுகிற எட்டு ஒன்பது கியரையும் ஒருமுறை கூட இருந்து காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். டீரெய்லரில் ரெண்டு ஸ்குரூ எல்லைக்கு, கேபிள் நுழைகிற இடத்தில் ஒரு திருகு இழுவைக்கு, அவ்வளவுதான். பல்லுக்குப் பல் இடைவெளி தாராளமாக இருப்பதால் எட்டு கியர் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மன்னிக்கும். பன்னிரண்டு மன்னிக்காது. ஆயில் டிஸ்க்கில் காற்று புகுந்துவிட்டால் அதற்கான கிட் வேண்டும், மதுரைக்கோ திருச்சிக்கோ வண்டியை ஏற்ற வேண்டியிருக்கும். சமதளத்தில் ஓட்டுகிறவனுக்கு நல்ல கட்டை போட்ட ரிம் பிரேக்கே போதும் என்பது என் கட்சி. மழையில் கொல்லிமலை இறங்குகிறவன் இதை ஒத்துக்கொள்ளமாட்டான். அவன் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

மின்சாரக் கியரையும் கேட்பாய் என்று தெரியும். 2022இல் நூத்தஞ்சிலேயே வந்துவிட்டது. லித்தியம் பேட்டரியில் ஆராய்ச்சி நடக்கிற சிக்ரி இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு பேட்டரிக்குப் பயப்படலாமா என்பாய். பேட்டரி ஒருமுறை ஏற்றினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வரும், பயம் அதில் இல்லை. தேவகோட்டை ரஸ்தாவில் நின்றுபோனால் குறடும் ஸ்குரூ டிரைவரும் வைத்துச் செய்ய அதில் ஒன்றும் கிடையாது.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டியாக்ரா 4700 பத்து கியர்தான், ஆனால் அதற்கு முந்திய பத்து கியர் சாமான்களோடு ஒத்துப்போகாது. லிவர் கேபிளை இழுக்கிற அளவு வேறு. "பத்துக்குப் பத்து சரியா இருக்கும்" என்று தனித்தனியாக வாங்கிச் சேர்த்தால் கியர் எந்தப் பல்லிலும் நிற்காது. அதனாலேயே டியாக்ரா எனக்கு ஒரு அந்தரத்துப் படியாகத் தோன்றுகிறது. கிளாரிஸ், சோரா, டியாக்ரா மூன்றின் இடத்துக்கும் ஷிமானோ இப்போது கியூஸ் என்று ஒரு வரிசையைக் கொண்டுவருகிறது. அதன் லிங்க்கிளைடு கேசட் மூன்று மடங்கு உழைக்கும் என்று கம்பெனி சொல்கிறது. செம்மண்ணுக்கு அது நல்ல சேதிதான். ஆனால் பழைய லிவரோடு அதைக் கலக்க முடியாது. உதிரி சாமான் தாராளமாகக் கிடைக்கும் வரை நான் பொறுத்திருப்பேன். தைவானின் மைக்ரோஷிஃப்ட் போட்ட வண்டி விலை தோதாக வந்தால் தயங்காமல் பார், ஒழுங்கான சாமான்.

ஆக, மருமகனே, பிள்ளையார்பட்டி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று காலையில் ஒரு சுற்று, ஞாயிற்றுக்கிழமை திருமயம் கோட்டை வரை என்றால் 11-28 கேசட்டோடு கிளாரிஸ் எடு. மலை ஆசை இருந்தால் சோரா எடு. எனக்கென்று வாங்கினால் சோராதான். 200 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடு வைத்து ஓட்டுகிற நெடுந்தூரச் சவாரி) ஓட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாயே, அதற்கு நூத்தஞ்சு தேவையில்லை. பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், நிற்கிற நேரமும் சேர்த்துச் சராசரி 15 வந்தால் போதும். நூத்தஞ்சு வாங்கு என்று நான் சொல்வது பந்தயம் ஓடுகிறவனுக்கும், காசு ஒரு பொருட்டே இல்லை என்கிறவனுக்கும்தான். உங்க ஆத்தாவிடம் கேட்டால் நீ ரெண்டிலும் சேர்த்தி இல்லை என்று சொல்லிவிடும்.

மிச்சம் பிடிக்கும் காசில் முதலில் டயரை மாற்று. கம்பெனி டயர் கனமாக இருக்கும். 28 மில்லிமீட்டரில் நல்ல டயர் ஒரு ஜோடி போட்டால் குரூப்செட்டில் ஒரு படி ஏறியதைவிட வித்தியாசம் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் உதிரி சாமானுக்கும் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து ஐந்தாகக் குறைந்திருக்கிறது. கடைக்காரர் பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் அதை ஞாபகப்படுத்து.

அப்புறம் டீரெய்லர் ஹேங்கர். பின் டீரெய்லரை ஃபிரேமோடு பிடித்திருக்கிற சின்ன அலுமினியத் துண்டு. வண்டி வலப்பக்கம் சாய்ந்து விழுந்தால் டீரெய்லரைக் காப்பாற்றி அது வளைந்துவிடும், இல்லை உடைந்துவிடும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு வடிவம், நம்ம ஊரில் தேடினால் அகப்படாது. பில் போடும்போதே ரெண்டு வாங்கி, ஒன்றைச் சீட்டுக்கு அடியில் மாட்டுகிற பையில் போட்டுவிடு.